லாரி சாண்டோஸ் மேடத்தோட மகிழ்ச்சி கோர்ஸ், ஹோம்வொர்க்தான் ஹைலைட்

யேல் யுனிவர்சிட்டி சைக்காலஜி ப்ரொஃபசர் லாரி சாண்டோஸ் 2018ல நடத்தின க்ளாஸ்ல கிட்டத்தட்ட 1200 பேர் சேர்ந்தாங்க, அங்க டிகிரி படிக்கிறவங்கள்ல நாலுல ஒருத்தர், அந்தப் பாடம்தான் கோர்ஸெராங்கற ஆன்லைன் படிப்பு சைட்ல 'தி சயின்ஸ் ஆஃப் வெல்பீயிங்'னு இருக்கு. இவங்க சும்மா அட்வைஸ் பண்றவங்க இல்லங்க, கப்புச்சின் குரங்குகளுக்கு டோக்கன காசு மாதிரி குடுத்து பழம் வாங்க விட்டு, நஷ்டம்னா அதுங்களும் நம்மள மாதிரியே பயப்படுதான்னு ஆராய்ச்சி பண்ண டீம்ல இருந்தவங்க (பயப்பட்டுச்சு!).

எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, தெரிஞ்சுகிட்டா மட்டும் பழக்கம் மாறிடாதுன்னு சொல்லிட்டு தூக்கம், தியானம், நன்றி எழுதறது, அடுத்தவங்களுக்கு உதவறதுன்னு வாராவாரம் நம்மள செய்யவே வைக்கறாங்க. வீடியோ மட்டும் ஓட்டறதா இருந்தா சேராதீங்க, பாதி பலன்கூட கிடைக்காது. நல்ல மார்க், பெரிய சம்பளம் வந்தா சந்தோஷமாயிடுவோம்னு நம்ம மனசு போடற கணக்கு ஏன் தப்பாகுதுன்னு சொல்ற பகுதிய காலேஜ் பசங்க கண்டிப்பா பாக்கணும், பெத்தவங்களும்தான்.