சப்போரோவா, ஹார்பினா? அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு பனித் திருவிழா

போன பிப்ரவரியில் நாங்கள் நாலு பேர் ஜப்பானின் சப்போரோ பனித் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அறுபத்தாறு வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் வீட்டில் ஒரே பேச்சு: சப்போரோவா, சீனாவின் ஹார்பினா? திரும்பி வந்த பிறகு தெரிந்தவர்கள் பலரும் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என் மனம் சப்போரோ பக்கம்தான். ஹார்பினுக்கு நான் போனதில்லை. என் நண்பர் குடும்பம் 2024 ஜனவரியில் போய்வந்தது. அவர்கள் சொன்னது, காட்டிய படங்கள், நாங்கள் முடிவெடுக்கும்போது தேடிப் படித்தது, இவ்வளவுதான் எனக்கு ஆதாரம். அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து இரண்டு ஊருக்கும் நேர் விமானம் இல்லை, வழியில் மாறித்தான் போக வேண்டும். இரண்டு நாட்டுக்கும் விசா வேண்டும். பிரமாண்டம் என்று பார்த்தால் ஹார்பின்தான், அதில் போட்டியே இல்லை. இவற்றைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

“இவ்வளவு தூரம் எதற்கு, காஷ்மீர் இருக்கிறதே?” என்று அம்மாவே கேட்டார். நியாயமான கேள்வி. குல்மார்கில் 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றன. பனிச்சறுக்குப் போட்டியைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், செலவும் கையைக் கடிக்காது. ஆனால் 2025-ல் பிப்ரவரி 22 அன்று அங்கே தொடங்க வேண்டிய போட்டிகள், போதுமான பனி விழாததால் மார்ச் 9-க்குத் தள்ளிப்போயின. பள்ளிக்கு லீவு சொல்லி, ஆபீசில் லீவு எழுதி, டிக்கெட்டும் எடுத்துவிட்ட குடும்பத்தால் இரண்டு வாரம் தள்ளிப் போக முடியாது. காஷ்மீருக்குப் பனி பார்க்கப் போகலாம், அழகுக்குக் குறைவே இல்லை. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் ஒரு விழாவை நம்பிப் போவது வேறு விஷயம்.

அந்த வகையில் சப்போரோ கெட்டி. அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி 4 முதல் 11 வரை என்று தேதி மாறாமல் வருகிறது. கொரோனாவால் 2021, 2022 இரண்டு ஆண்டும் பூங்காவில் விழா நடக்கவில்லை. 2020-ல் பனி மிகவும் குறைந்தபோதுகூட, வழக்கத்தைவிடத் தொலைவிலிருந்து லாரியில் பனி கொண்டுவந்து நடத்திவிட்டார்கள். ஹார்பினிலோ தேதிக் கவலையே வேண்டாம். ஜனவரி 5 அன்று முறைப்படி திருவிழா தொடங்கும். ஐஸ் கட்டடங்கள் நிற்கும் பெரிய மைதானம் டிசம்பர் பிற்பகுதியிலேயே திறந்து பிப்ரவரி பிற்பகுதி வரை இருக்கும். சப்போரோவில் எட்டே நாள், ஹார்பினில் ஏறக்குறைய இரண்டு மாதம். அரையாண்டு விடுமுறையோடு சேர்த்துப் போக நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ஹார்பினுக்கு அதன் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே காட்சிப்பொருள் ஐஸ். வாளியில் தண்ணீரை உறையவைத்து, நடுவில் குடைந்து, உள்ளே விளக்கேற்றும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது அது. 1963-ல் ஒரு பூங்காவில் ஐஸ் விளக்குக் கண்காட்சியாகத் தொடங்கி, 1985-ல் இப்போதைய திருவிழாவாக ஆனது. டிசம்பரில் சோங்ஹுவா ஆறு உறைந்து கெட்டியானதும் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, செங்கல் அடுக்குவது போல அடுக்கிக் கோபுரமும் கோட்டையும் கட்டுகிறார்கள். உள்ளுக்குள் விளக்கு ஓடும். 2024-25 பருவத்தில் அந்த மைதானம் 10 லட்சம் சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 250 ஏக்கர். நண்பர் காட்டிய இரவுப் படங்களில் முழு நகரமே கண்ணாடியில் செய்தது போல இருந்தது. சப்போரோவில் அப்படி ஒரு காட்சி கிடையாது. அங்கே காட்சிப்பொருள் பனி. மண்ணும் குப்பையும் கலக்காத பனியை ஊருக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து, இறுக்கி, சிற்பம் போலச் செதுக்குகிறார்கள். பெரியவை பதினைந்து மீட்டர் உயரம் வரை வரும். ஜப்பானின் தற்காப்புப் படை வீரர்கள் 1955 முதல் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஐஸில் ஒளி உள்ளே புகுந்து வரும். பனியில் ஒளி மேலே விழுந்து நிழல் பிறக்கும். நம் கோயில் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இரண்டாவது இன்னும் நெருக்கமாகப்பட்டது என்பது என் சொந்த ரசனை.

சரி, எங்களை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். முதலில் டிகிரியைப் பார்த்துத்தான் பயந்தோம். ஹார்பினில் ஜனவரியில் பகலிலேயே மைனஸ் 12 போல இருக்கும், இரவில் மைனஸ் 23, 24 சாதாரணம். சப்போரோவில் பிப்ரவரிப் பகல் பூஜ்யத்தை ஒட்டி, இரவு மைனஸ் 6 போல. இந்த எண்களையே வைத்துக்கொண்டு பல நாள் பேசினோம். பிறகுதான் நண்பரின் மனைவி ஒன்று சொன்னார்: “குளிரை விடுங்கள். உள்ளே போய் உட்கார அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.” அதற்குப் பிறகு இரண்டு ஊரின் வரைபடத்தையும் வேறு கண்ணோடு பார்த்தோம்.

நல்ல உடுப்பு இருந்தால் எந்தக் குளிரிலும் பத்து நிமிடம் நிற்கலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு இருபதாவது நிமிடத்தில் கால் மரத்துவிடும். குழந்தைக்குத் திடீரென்று பாத்ரூம் வரும். அந்த நேரத்தில் கதகதப்பான ஓர் இடம் மூன்று நிமிட நடையில் இருக்கிறதா, முப்பது நிமிட நடையில் இருக்கிறதா என்பதுதான் அன்றைய நாளையே தீர்மானிக்கிறது.

ஹார்பினின் பெரிய மைதானம் ஆற்றுக்கு அக்கரையில், நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. டாக்சியோ மெட்ரோவோ பிடித்துப் போக வேண்டும். விளக்கெரியும் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலத்துக்கு மேல், அதாவது குளிர் ஏறும் நேரத்தில், உள்ளே இருக்க வேண்டும். சூடேற்றிய அறைகளும் உணவுக்கூடங்களும் உள்ளே உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய மைதானத்தில் அவை எங்கெங்கோ இருக்கும். நண்பர் மகனுக்கு அங்குள்ள 521 மீட்டர் சறுக்கில் போக ஆசை, வரிசையோ மணிக்கணக்கில் நீண்டது. தந்தையும் மகனும் வரிசையில் நிற்க, தாயும் பாட்டியும் அறையைத் தேடி நடக்க, குளிரில் இரண்டு செல்போனும் அணைந்துவிட, ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டதாம். குறை இடத்தின் மேல் இல்லை. அவ்வளவு பெரிய இடத்தை அந்தக் குளிரில் பார்க்க எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடக்கும் கால் வேண்டும்.

சப்போரோவில் விழா நடக்கும் ஓடோரி பூங்கா நகரத்தின் நட்டநடுவில் 1.5 கி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை போலக் கிடக்கிறது. அதற்கு அடியில் மெட்ரோவின் மூன்று பாதைகளும் சந்திக்கின்றன. கிழக்கே டிவி கோபுரம் வரை நிலத்தடிக் கடைவீதி, தெற்கே விழா நடக்கும் மற்றொரு பகுதியான சுசுகினோ வரை இன்னொரு கடைவீதி, வடக்கே ரயில் நிலையம் வரை 2011-ல் திறந்த நிலத்தடி நடைபாதை. இதெல்லாம் பனித் திருவிழாவுக்காகக் கட்டியது இல்லை. 1972-ல் ஆசியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் இங்கே நடந்தது. அதற்குள் முடிக்க வேண்டும் என்று 1971 கடைசியில் மெட்ரோவின் முதல் பாதையையும் அந்த இரண்டு கடைவீதிகளையும் திறந்தார்கள். 1950-ல் பள்ளி மாணவர்கள் பூங்காவில் ஆறு பனிச்சிலை செய்து தொடங்கிய விழாவுக்கு, இருபது ஆண்டு கழித்து அடியில் ஒரு கதகதப்பான தெரு கிடைத்தது.

எங்கள் நாள் இப்படிப் போயிற்று: மேலே இருபது நிமிடம், கீழே அரை மணி நேரம். அம்மா கீழே வந்து உட்கார்ந்ததும் தானியங்கி இயந்திரத்திலிருந்து சூடான தேநீர் டப்பா ஒன்று வாங்கிக் கொடுப்பேன். அதை முதலில் முழங்காலில் வைத்துக்கொள்வார், அப்புறம்தான் குடிப்பார். மகளும் மனைவியும் விரும்பிய நேரம் மேலே நின்றார்கள். யாரும் யாருக்காகவும் அவசரப்படவில்லை. மூன்று நாளில் அம்மா எல்லாப் பெரிய சிற்பங்களையும் பகலில் ஒரு முறை, விளக்கொளியில் ஒரு முறை பார்த்துவிட்டார். இரண்டு எச்சரிக்கை: எல்லா வாசலிலும் லிஃப்ட் கிடையாது, லிஃப்ட் உள்ள வாசல்களை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் கூட்டத்தை ஒரே திசையில்தான் நடக்கவிடுகிறார்கள், பார்க்காமல் தாண்டிய சிற்பத்துக்கு உடனே திரும்ப முடியாது.

சப்போரோவில் குளிரைவிட வழுக்கல்தான் உண்மையான ஆபத்து. பூஜ்யத்தை ஒட்டிய வெயிலில் பனி உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, நடைபாதை கண்ணாடி போல ஆகிவிடுகிறது. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை அங்கே கடைகளிலேயே கிடைக்கிறது, வந்து இறங்கியதும் முதலில் அதை வாங்குங்கள். தெரு முனைகளில் பெட்டியில் மணல் வைத்திருக்கிறார்கள். வழுக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம். அம்மா இரண்டு முறை தூவினார், பின்னால் வருகிறவர்களுக்காக.

ஓடோரிக்கும் சுசுகினோவுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஹார்பினின் பெரிய மைதானத்துக்கு ஓர் ஆளுக்கு 328 யுவான், நம் பணத்தில் நாலாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பணத்தைவிட முக்கியம், இலவசம் என்பதால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட மனம் தடுக்காது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் முடியாவிட்டாலும் பார்த்துத் தீர்க்கவே தோன்றும். ஆனால் ஹோட்டல் வாடகையில் சப்போரோ இந்தச் சேமிப்பை விழுங்கிவிடும். அந்த எட்டு நாளும் வாடகை ஏறித்தான் இருக்கும். சீனப் புத்தாண்டும் சேர்ந்து வந்தால் இன்னும் ஏறும்.

மகளுக்குப் பிடித்தது சுசுகினோவின் ஐஸ் சிற்பங்கள். சிலவற்றில் முழு மீனும் நண்டும் உள்ளே உறைந்து நிற்கும், அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள். சறுக்கி விளையாட சுடோம் என்ற தனி மைதானம் உண்டு, அங்கே பெரிய உள்ளரங்கமும் இருப்பதால் அங்கும் கதவுப் பிரச்சினை இல்லை. ஒரு சாயங்காலம் ரயிலில் பக்கத்து ஊரான ஒடாரு போனோம், நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. கால்வாய் நீரில் மீன்வலைக் கண்ணாடிப் பந்துகளுக்குள் மெழுகுவத்தி ஏற்றி மிதக்கவிடுகிறார்கள். கார்த்திகை விளக்கு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னார், எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாப்பாட்டில் சைவர்களுக்குச் சிரமம் உண்டு. சப்போரோவின் பெயர்பெற்ற சூப் கறியில் காய்கறி வகை கிடைத்தாலும் சாறு பெரும்பாலும் கோழியில் செய்தது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வயதானவர்களோ சிறு குழந்தைகளோ இல்லாமல், நடக்கச் சலிக்காத நாலு நண்பர்கள் போவதாக இருந்தால் ஹார்பின் போங்கள் என்றுதான் சொல்வேன். ஜனவரி முதல் பாதியில், ஐஸ் புதிதாகத் தெளிவாக இருக்கும்போது போவது நல்லது என்கிறார் நண்பர். செல்போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சப்போரோ போகிறவர்கள் கடைசியில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கனமழை போலப் பனி கொட்டினால் விமானங்கள் நின்றுவிடும். நாங்கள் 12-ம் தேதி காலை வரை தங்கினோம், விமானமும் சரியாகவே கிளம்பியது. அந்தக் காலையில் பூங்காவுக்குப் போனோம். முதல் நாள் இரவு வரை விளக்கொளியில் நின்ற சிற்பங்களை இயந்திரங்கள் இடித்துக்கொண்டிருந்தன. பாதுகாப்பு வேலிக்கு இந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் அமைதியாக நின்று பார்த்தார்கள். பிள்ளையாரைக் கரைக்கக் கொண்டுபோகும்போது நிற்பது போல அம்மாவும் நின்றார். இருபது நிமிடம் தாண்டியும் கீழே போகலாம் என்று சொல்லவில்லை.