மெய்யழகனா, டூரிஸ்ட் ஃபேமிலியா?

எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு இது. அம்மாவும் மச்சாளும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பக்கம். நான் ‘மெய்யழகன்’ பக்கம்.

இரண்டு படங்களுமே ஊரை விட்டுப் போனவர்களின் கதை. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில், இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் சசிகுமார், சிம்ரன் குடும்பம் படகில் ராமேஸ்வரம் போகிறது. 13 மணி நேர மின்வெட்டையும் காஸ் வரிசையையும் கண்ட எங்களுக்கு அந்தப் படகு ஏன் புறப்பட்டது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. சென்னையில் அவர்களை வாய் திறக்கவேண்டாம், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்கள். அந்த இடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். யுத்த காலத்தில் கொழும்பு பஸ்ஸில் என்னை மடியில் வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதே மகன்" என்று காதுக்குள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

படத்தில் வருவது யாழ்ப்பாணப் பேச்சு. எங்கள் கிழக்குப் பேச்சின் ‘மறுகா’வை அதில் தேடுவது நியாயமில்லை. என் குறை வேறு. கரையில் பிடித்த போலீஸ்காரர் மனம் இரங்கி விட்டுவிடுகிறார். நிஜத்தில் அப்படிப் போய் இறங்கியவர்களை மண்டபம் அகதி முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். அந்த முகாமைத் தாண்டிக் குதித்த பிறகுதான் படத்தின் அன்பெல்லாம் தொடங்குகிறது. அன்பு பொய்யில்லை, ஆனால் அது வந்த வழி மிகச் சுலபம்.

இயக்குநர் பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ (2024) அப்படிச் சுலபமாக எதையும் தருவதில்லை. சொத்துத் தகராறில் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அரவிந்த்சாமி, 22 வருடம் கழித்து தங்கையின் கல்யாணத்துக்கு வருகிறார். அங்கே அவரை உருகி உருகிக் கவனிக்கும் உறவினர் கார்த்தியின் பெயர்கூட அவருக்கு ஞாபகமில்லை. அவர் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள்தான் கார்த்தியின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று தெரியவரும்போது அந்த மனிதர் கூனிக் குறுகிப்போகிறார். 1990இல் யுத்தத்துக்குப் பயந்து ஓடிய எங்கள் பெரியப்பா பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, வீடில்லாத வளவில் கிணற்றுக்கட்டைத் தடவியபடி பேசாமல் நின்றதைப் பார்த்தவன் நான். அந்த மௌனம் இந்தப் படத்தில் இருக்கிறது. நீளம் என்று சொல்லி, திரைக்கு வந்த பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அவர்கள் இருவரும் இரவில் பேசும் பேச்சு விடியும்வரை போனாலும் சரிதான்.

‘மகாராஜா’ படத்தை இந்த வழக்கில் சேர்க்கவே முடியாது, அது திரில்லர். காலத்தை முன்பின்னாகக் கலைத்து அடுக்கிய விதத்தில் இயக்குநர் நித்திலன் கெட்டிக்காரர். விஜய் சேதுபதி ஒரு குப்பைத்தொட்டிக்காகப் பொலிஸில் அடி வாங்கும்போது சிரித்தவர்கள் கடைசியில் உறைந்துபோவார்கள். ஆனால் பிள்ளைகளோடு பார்க்காதீர்கள்.

அவர்களோடு பார்க்க ‘லப்பர் பந்து’ இருக்கிறது. மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி என்றால் சோறு தண்ணி மறக்கும் எங்கள் பெடியனுகளுக்கு, அதே பித்தோடு மட்டையைத் தூக்கும் தினேஷை யாரும் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. யாரை அணியில் சேர்ப்பது என்பதில் சாதி எப்படி நுழைகிறது என்பதையும் ஆட்டம் நிற்காமலே சொல்கிறார்கள். மச்சாளுக்கோ, ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டிவந்து ஆடுகளத்தை உழுதுவிட்டுப் போகும் காட்சி மட்டும் போதும். அதை மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.