நிஜக் கடையா, திண்ணையில் போட்ட செட்டா?

பதினைந்து நிமிடப் படம். 1985-இல், கேரள எல்லையிலுள்ள புளியரைப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில், ஒரே மாலையில் கதை முடிந்துவிடுகிறது. கலை வேலை என் தலையில் விழுந்தது. சாலையோரத்தில் இன்றும் நடக்கிற பழைய ஓட்டுக் கடையை வாடகைக்குப் பிடிப்பதா, செங்கோட்டையில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையைக் கடையாக மாற்றுவதா என்று இரண்டு வாரம் சண்டை போட்டோம்.

நிஜக் கடையின் அழகை மறுக்க முடியாது. புகை ஏறிக் கறுத்த உத்தரமும், முழங்கை பட்டுப் பட்டு மழுங்கிய மேசை விளிம்பும் எந்தப் பெயின்டிலும் கிடைக்காது. ஆனால் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை வாசலை உரசிக்கொண்டு போகிறது. ஒரு மணி நேரம் ஒலிப்பதிவு செய்து பார்த்தோம்; லாரி குறுக்கிடாத வசனம் ஒன்றுகூடத் தேறவில்லை. கடைக்காரரோ, "காலை வியாபாரம் முடிந்து பத்து மணிக்கு மேல் வாருங்கள் தம்பி" என்றார். எங்களுக்கு மாலை வெளிச்சம் வேண்டும். அவருக்கும் மாலையில்தான் கூட்டம்.

அதைவிடப் பெரிய தொல்லை, கடையில் இருக்கக் கூடாத பொருட்கள். எல்இடி பல்பையும் தண்ணீர்க் கேனையும் அகற்றிவிடலாம். சுவரில் எழுதியிருப்பதை என்ன செய்வது? விலைப்பட்டியல் முழுக்க ரூபாய்க் குறியீடு. அது 2010-இல் வந்தது. பெயர்ப் பலகையில் தென்காசி மாவட்டம். அது பிறந்ததே 2019-இல். எல்லாவற்றின் மேலும் சுவரொட்டி ஒட்டினால், எதையோ மறைக்கிறார்கள் என்பதுதான் முதலில் தெரியும்.

திண்ணையில் இந்தச் சிக்கல் இல்லை. எழுத்து முழுவதும் நம் கையில். 'விலை' என்று எழுதும்போது இன்றைய ஐகாரக் கொம்புக்குப் பதிலாக, லகரத்தின் தலையில் பழைய யானைத் துதிக்கை வடிவத்தை வளைத்துவிட்டேன். எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-இல் வந்துவிட்டது. ஆனாலும் அதற்கு முன்பே தூரிகை பிடித்த பெயின்டரின் கை ஏழு வருடத்தில் திருந்தியிருக்காது என்பது என் கணக்கு. பிழை என்று நினைத்து ஒளிப்பதிவாளன் அதை அழிக்கப் போனான்.

நாட்காட்டியிலும் ஓர் அதிர்ஷ்டம். 1985-க்கும் 2019-க்கும் கிழமைகள் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. பரணில் கிடந்த 2019 மாதக் காலண்டரில் ஆண்டையும் அடியிலிருந்த செல்பேசி எண்ணையும் மட்டும் ஒட்டி மறைத்தால் போதும். தீபாவளி போல் தேதி மாறும் பண்டிகை உள்ள மாதத்தை மட்டும் காட்டிவிடக் கூடாது.

பொருட்களைச் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுக்கும் யோசனை அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. வண்டிக் கூலிக்கே கையிருப்பு கரைந்துவிடும். இங்கே இரவல் எளிது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். உருளி, கிண்டி என்ற மலையாள வீட்டுப் பாத்திரங்கள் இல்லாத பரண் குறைவு. மலையாள வாடை வேண்டிய எல்லைக் கடைக்கு வேறென்ன வேண்டும்? ஒரே பயம் உடைசல். அத்தையின் கண்ணாடித் தம்ளர்களில் ஒன்று ஒத்திகையிலேயே போய்விட்டது. இப்போது வாங்கும்போதே ஒவ்வொன்றையும் படம் பிடித்து, யார் வீட்டுடையது என்று நோட்டில் குறித்துவிடுகிறேன்.

திண்ணைக்கும் குறை உண்டு. சுவர் புத்தம் புதிதாகப் பல்லிளித்தது. கெட்டியான தேயிலைச் சாற்றைத் துணியில் தொட்டு ஒற்றி, விளக்குக் கரியைத் தேய்த்த பிறகு கொஞ்சம் வயதானது. கேமராவைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா எட்டிப் பார்க்கிறது. அங்கே கிடுகுத் தட்டி கட்டியிருக்கிறோம். சாரல் காலத்தில் அது எத்தனை நாள் நிற்குமோ.

என் ஓட்டு திண்ணைக்குத்தான். பார்வையாளர் கண் உத்தரத்தில் அல்ல, தம்ளரைப் பிடித்த கையில்தான் நிற்கப்போகிறது. நிஜக் கடை ஒரே ஒரு காட்சிக்கு வேண்டும்: கடை திறக்கும் முன், விடியற்காலையில் (திரையில் அது அந்தியாகத் தெரியும்), பலகை தெரியாத பக்கவாட்டில், சாலைக்கு அந்தப் பக்கமிருந்து, வசனம் இல்லை. இரண்டும் ஒரே கடையாகத் தெரிய, அதன் மரத்தூணிலுள்ள பச்சையை எங்கள் தூணுக்கும் அடிக்க வேண்டும். தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.