நோராவாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும்

என் தங்கை மகள் ஆர்மீனியாவில், எரெவான் நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். செப்டம்பர் கடைசியில் அவளோடு பத்து நாள் தங்கிவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். போன மூன்றாம் நாளே, "பெரியம்மா, ஒரு நாள் டூர் போட்டிருக்கேன். மலைக்குள்ள ஒரு மடாலயம், போற வழியில ஒயின் ருசி பாக்கிறது, ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்" என்றாள்.

எரெவானிலிருந்து தெற்கே கோர் விராப் மடாலயம், ஒயின் ஊரான அரெனி, நோராவாங்க் மடாலயம் ஆகிய மூன்று இடங்களையும் கோத்து இந்தப் பயணத்தைப் பல கம்பெனிகள் நடத்துகின்றன. எங்களைக் கூட்டிப் போன கம்பெனியின் பெயரை எழுதவில்லை. அவளோடு படிக்கும் பிள்ளைகள் வேறு கம்பெனிகளில் போய்வந்து சொன்னதும் ஏறக்குறைய இதே கதைதான். மூன்று இடமும் முத்தான இடங்கள். அவற்றுக்கு நேரத்தைப் பங்கு பிரித்த விதம்தான் சரியில்லை.

தலைக்கு 14,000 திராம். நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வேன், வழிகாட்டி, ஒயின் ருசி இதில் அடக்கம். மதியச் சாப்பாடும் குகை டிக்கெட்டும் தனி. காலை ஒன்பது மணிக்குச் சொன்னபடி கிளம்பினார்கள். பதினாறு பேர். டிரைவர் நிதானமானவர், மலைப்பாதையிலும் ஒருமுறைகூட வயிற்றைப் புரட்டவில்லை. போகும்போது வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எரெவானைத் தாண்டியதும் அராரத் மலை அந்தப் பக்கம்தான் கூடவே வரும்.

கோர் விராப் சுமார் 40 கிலோமீட்டர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னக் குன்று, அதன்மேல் மடாலயம், பின்னால் 5,137 மீட்டர் உயரத்துக்குப் பனி மூடிய அராரத். மலை இருப்பது துருக்கியில். எல்லை 1993-லிருந்து மூடியே கிடக்கிறது. கண்ணெதிரே நிற்கும் மலைக்குத் தரைவழியாகப் போக வேண்டுமென்றால் ஜார்ஜியாவைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். எங்கள் வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னபோது மலையைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்மீனிய மன்னன் திரிதாத், கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித கிரிகோரைப் பதின்மூன்று வருஷம் அடைத்துவைத்த பாதாளக் குழி இங்கேதான் இருக்கிறது என்பது மரபு. அதே மன்னன்தான் பிறகு, கி.பி. 301-ல், கிறிஸ்தவத்தை நாட்டின் மதமாக ஏற்றுக்கொண்டான். குழிக்குள் இறங்க இரும்பு ஏணி இருக்கிறது, கிட்டத்தட்ட செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடுவது நல்லது. நான் இறங்கவில்லை. இங்கே ஐம்பது நிமிஷம் கொடுத்தார்கள், அது போதும்.

அப்புறம் வேனில் நடந்ததைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்த வழிகாட்டிப் பெண்ணுக்குத்தான். ஒவ்வொருவரும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சென்னை என்றேன். புரியவில்லை. மெட்ராஸ் என்றேன். மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். "அஸ்தரார்!" என்றாள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அது. 1794-ல் மெட்ராஸில்தான் அச்சானது, நடத்தியவர் ஹருத்யுன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார். அவர்கள் அதைப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். நான் வேலை பார்த்த வங்கிக் கிளை பாரிமுனையில், அரண்மனைக்காரன் தெருவுக்குப் பக்கத்தில். ஆர்மீனியன் தெரு என்பதுதான் நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிப்போனது. அங்கே இருக்கும் 1772-ஆம் வருஷத்து ஆர்மீனியத் தேவாலய முற்றத்தில் மதியம் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஷ்மாவோன்யானின் கல்லறையும் அங்கேதான். நான் குடியிருப்பது சைதாப்பேட்டை. அடையாற்றின் மேல் அங்கே முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், 1726-ல். பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் அவர்தான். இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் மற்ற பதினைந்து பேருக்கும் மைக்கில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். கல்லறையின் படம் வேண்டும் என்று கேட்டாள். ஊர் திரும்பிய வாரமே போய் எடுத்து அனுப்பினேன்.

அரெனி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அரெனி என்பது ஊரின் பெயர், அங்கே விளையும் கருந்திராட்சைக்கும் அதே பெயர். தோல் தடித்த திராட்சை. ஆயிரம் மீட்டருக்கு மேலே, பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர் என்கிற சீதோஷ்ணத்தில் தாக்குப்பிடித்து நிற்கிற ரகம். நாங்கள் போனது அறுவடைச் சமயம். ரோட்டோரம் லாரியிலிருந்து கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள், குளவிகள் மொய்த்தன. சாலையோரக் கடைகளில் கோலா பாட்டில்களில் வீட்டு ஒயினை நிரப்பி வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். இந்தச் சாலை ஈரானுக்குப் போகிற சாலை. மது தடைசெய்யப்பட்ட அந்த நாட்டுக்கு லாரிக்காரர்கள் கொண்டுபோகும்போது குளிர்பானம் மாதிரி தெரியட்டும் என்று இப்படி ஊற்றி விற்கிறார்கள் என்று சொன்னார்கள்.

ஒயின் ருசி பார்க்கும் இடம்தான் எனக்கு ஏமாற்றம். குடிப்பழக்கம் இல்லாதவள் நான். ஆனாலும் ஒரு ஊர் ஆறாயிரம் வருஷமாகச் செய்துவரும் பொருளை நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசையோடுதான் போனேன். கவுன்டருக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு வேன் கூட்டம். ஒரே கிளாஸில் வெள்ளை, சிவப்பு, அரை இனிப்பு, மாதுளை, பாதாமி, கடைசியில் பழச் சாராயம் என்று ஆறு வகை, கால் மணி நேரத்தில். நடுவில் கிளாஸைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர்கூட இல்லை. ஒன்றை விழுங்குவதற்குள் அடுத்தது விழுந்தது. சிவப்பு அரெனி மட்டும் மனதில் நின்றது. முதலில் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு துவர்ப்பு, அதன் பின்னால் மெல்லிய மிளகுக் காரம். மாதுளை ஒயின் இனிப்பு சர்பத். பிறகு முக்கால் மணி நேரம் கடைக்குள் விட்டுவிட்டார்கள். வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதைச் சொல்லவேண்டும். ஆனால் பதினாறு பேரில் நாலு பேர்தான் வாங்கினோம், மற்றவர்கள் வெளியே போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கே எனக்குப் பிடித்த ஒன்று, யாரும் காட்டாமல் நாங்களே கண்டுபிடித்தது. கட்டடத்தின் பின்பக்கம் சுவரோரம் பழைய கராஸ்கள் சாய்ந்து கிடந்தன. கராஸ் என்றால் ஒயின் ஊறவைக்கும் மண் ஜாடி. என் இடுப்புக்கு மேல் உயரம், அடி குறுகல், கழுத்துவரை மண்ணில் புதைத்துவைப்பார்களாம். ஒன்றின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தேன். உள்பக்கம் தேன்மெழுகு பூசிய வழவழப்பு, கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. பழைய புளிப்பும் மெழுகும் கலந்த வாசனை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். அதே வயிறு, அதே தடித்த விளிம்பு. வழிகாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டதும் ஓடிவந்து விளக்கினாள். சோவியத் காலத்தில் ஜார்ஜியாவுக்கு ஒயின், ஆர்மீனியாவுக்கு பிராந்தி என்று பங்கு பிரித்துவிட்டதால் ஒயின் தொழில் இங்கே பின்னுக்குப் போனது, இந்தத் தலைமுறைதான் கராஸையும் மறுபடி எடுத்திருக்கிறது என்றாள். அந்தப் பத்து நிமிஷப் பேச்சை எல்லோருக்கும் வைத்திருந்தால் அதுதான் ருசி பார்ப்பது. கடை நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

சாப்பாடு ஆற்றோர உணவகத்தில். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். சுட்ட கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், லவாஷ் ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, கைநிறையப் பச்சிலைகள். கறி சுடும் கம்பியிலேயே காயையும் சுடுவது அங்கே சகஜம், அதனால் தனியாகச் சுடச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் செய்கிறார்கள். குடிக்க 'தான்' என்று ஒன்று வரும். உப்புப் போட்ட மோர். பத்து நாளில் நான் குடித்தவற்றிலேயே அதுதான் உயர்வு.

சாப்பிட்டுக் கிளம்பினால் நோராவாங்க் போகும் பள்ளத்தாக்கின் வாசலிலேயே அரெனிக் குகை. இதை விருப்பப்பட்டால் என்று வைத்திருக்கிறார்கள், அதனால் ஐந்து பேர்தான் இறங்கினோம். எனக்கு மனசு கேட்கவில்லை. 2007 முதல் தோண்டிய குகை இது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 4,100 வருஷம் முன்பே இங்கே திராட்சையை மிதித்துச் சாறு இறக்கும் தொட்டியும், நொதிக்கவைக்கும் தொட்டியும், ஜாடிகளும் இருந்திருக்கின்றன. உலகத்தில் இதுவரை கிடைத்த ஒயின் ஆலைகளிலேயே பழசு இதுதான். உள்ளே இரும்புப் பலகைப் பாதை, மஞ்சள் விளக்கு, மண்ணில் பாதி புதைந்த ஜாடிகளின் விளிம்புகள். மனித மண்டையோடுகளும் பானைகளுக்குள் கிடைத்தன.

முந்தின நாள் எரெவானில் இருக்கும் ஆர்மீனிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்தக் குகையில் எடுத்த தோல் செருப்பைப் பார்த்திருந்தேன். ஐந்தாயிரத்து ஐந்நூறு வருஷம் பழையது. ஒரே மாட்டுத்தோலை மடக்கி, முன்னாலும் பின்னாலும் வாரால் கோத்த வலது கால் செருப்பு. உள்ளே புல் அடைத்தபடி இருந்தது. மேலே ஆட்டுப்புழுக்கை அடுக்கடுக்காக மூடி இறுகியதால் காற்றும் ஈரமும் படாமல் அப்படியே நின்றிருக்கிறது. அளவு 37. நம் கடைக்கணக்கில் நாலாம் நம்பர், நான் போடும் அளவு. அந்தச் செருப்பு கிடந்த குழியின் ஓரத்தில் நின்றபோது என் காலைத்தான் முதலில் பார்த்தேன். அரை மணி நேரத்தில் வெளியே வரச்சொல்லிவிட்டார்கள்.

நோராவாங்க் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால். குறுகலான பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செங்காவி நிறப் பாறை. திருப்பத்துக்குத் திருப்பம் பாறை மட்டும்தான். கடைசியில் மேலே ஒரு மேட்டில் அதே பாறை நிறத்தில் இரண்டு கூம்புக் கோபுரம். நோர் என்றால் புதிது, வாங்க் என்றால் மடம். ஆயிரத்து இருநூறுகளில் தொடங்கி, ஒர்பெலியான் பிரபுக் குடும்பம் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்து கட்டிய புதுமடம்.

முன்னால் நிற்கும் இரண்டடுக்குக் கோயில் 1339-ல் முடிந்தது, சிற்பி மோமிக்கின் கைவண்ணம். கீழே சமாதி, மேலே வழிபாட்டிடம். மேல்தளத்துக்கு ஏற உள்ளே வழியில்லை. முகப்புச் சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. இரண்டு பக்கமிருந்தும் ஏறி நடுவில் வாசலில் சேர்கிறது. ஒரு காலை வைத்தால் இன்னொரு காலுக்கு இடமில்லை, கைப்பிடி கிடையாது. தங்கை மகள் ஏறினாள். சுவரில் கன்னம் படும்படி ஒட்டிக்கொண்டு ஏறினாள், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். நான் கீழே நின்று அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தது பின்னால் இருக்கும் கோயில் வாசலின் மேல் இருக்கும் புடைப்புச் சிற்பம். தந்தையாகிய கடவுளை உருவமாகவே செதுக்கியிருக்கிறார்கள். பெரிய தலை, வாதுமைக்கொட்டை மாதிரி நீண்ட கண்கள், சுருள் தாடி. வலது கை ஆசீர்வதிக்கிறது. இடது கை ஆதாமின் தலையைத் தாங்கியிருக்கிறது, உறங்கும் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல. மேற்கு வெயில் பக்கவாட்டில் விழ ஆரம்பித்ததும் தாடியின் ஒவ்வொரு சுருளுக்கும் நிழல் தனியாக விழுந்தது. பக்கத்துச் சின்னக் கோயிலின் தரையில் சிங்க உடம்பும் மனித முகமுமாக ஒரு கல்லறைக் கல் இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னாள். அதைப் பார்க்கத் திரும்பும்போது வேன் ஹாரன் அடித்துவிட்டது.

நாற்பது நிமிஷம். மடாலயத்தின் பெயரில் விற்கும் பயணத்தில் மடாலயத்துக்கு நாற்பது நிமிஷம், ஒயின் கடைக்கு ஒரு மணி நேரம். வழிகாட்டிக்கும் இது பிடிக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அட்டவணை அவள் போடுவதல்ல. கம்பெனிக்கு இதை விவரமாக எழுதி அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரியில் பதில் வந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நோராவாங்கில் எத்தனை நிமிஷம்? அரெனிக் குகை உண்டா, இல்லையா? ஒன்றரை மணி நேரமும், உண்டும் என்று பதில் வந்தால் இன்னும் இரண்டாயிரம் திராம் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். மூன்று நாலு பேராகப் போனால் டாக்ஸியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வதும் நல்ல வழி. ஆனால் வழிகாட்டியின் பேச்சு கிடைக்காது, அது பெரிய இழப்பு. அக்டோபர் முதல் சனிக்கிழமை அரெனியில் ஒயின் திருவிழா நடக்கும். அன்று திருவிழாவுக்காகப் போகிறவர்கள் தவிர மற்றவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது. அடுத்த செப்டம்பரில் நோராவாங்குக்கு மட்டும் ஒரு டாக்ஸி பேசச் சொல்லியிருக்கிறேன். மூன்று மணிக்குப் போய் வெயில் இறங்கும்வரை இருக்கவேண்டும். அந்தச் சிங்கக் கல்லை முதலில் பார்க்கவேண்டும்.