ஒரே கேபிளா, தனித்தனி கேபிளா? மதர்போர்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பவர் கொடுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

புதிதாகக் கம்ப்யூட்டர் சேர்க்கும்போது பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். பவர் சப்ளையோடு வந்த கேபிள் பையைப் பிரித்துக் கொட்டும்போது அடுத்த குழப்பம் தொடங்கும். எட்டு பின் (உலோக முள்) தலையிலேயே, அதாவது கேபிள் முனையில் உள்ள கனெக்டரிலேயே, இரண்டு வகை இருக்கும். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்கும். கார்டு வந்த டப்பாவுக்குள் தனியாக ஓர் அடாப்டர் வேறு கிடக்கும். எதைப் போட்டாலும் பெரும்பாலும் மெஷின் ஆன் ஆகிவிடும் என்பதுதான் இதில் வம்பே. ஆன் ஆவது வேறு, மூன்று மணி நேரம் கனமான கேம் ஓடியும் பின்கள் சூடேறாமல் இருப்பது வேறு.

எல்லா ஜோடிகளையும் நான் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன்: ஒரு பின் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது? கணக்கு சுலபம். வாட்டை 12 வோல்ட்டால் வகுத்து, வரும் விடையை அந்தக் கனெக்டரில் உள்ள 12 வோல்ட் பின்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுக்க வேண்டும். பெட்டி மேல் போட்டிருக்கும் வாட் எண்ணைவிட இந்த எண் அதிகம் பேசும்.

மதர்போர்டு பக்கம்

பெரிய 24 பின் கனெக்டரில் அலசுவதற்கு அதிகம் இல்லை. சில கேபிளில் அது ஒரே துண்டாக வரும், சிலவற்றில் 20+4 என்று பிரியும். பிரியும் வகை பழைய போர்டுகளுக்காக வந்தது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். 20+4 வகையில் அந்தச் சின்ன நாலு பின் துண்டு லேசாக மேலெழும்பி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். இவ்வளவு பெரிய கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இரண்டே பின்கள்தான், மற்றவை 3.3 வோல்ட், 5 வோல்ட், கிரவுண்ட், இன்னும் சில கட்டுப்பாட்டு லைன்கள். பிராசஸருக்குத் தனி கேபிள் தேவைப்படுவதற்குக் காரணமே அதுதான்.

அந்தத் தனி கேபிள்தான் ஈபிஎஸ். போர்டின் மேல் மூலையில் நாலு பின், எட்டு பின், எட்டுடன் நாலு, இரண்டு எட்டு என்று பலவிதமாக சாக்கெட் இருக்கும். எட்டு பின் ஈபிஎஸ்ஸில் நாலு பின் 12 வோல்ட், நாலு பின் கிரவுண்ட். பின்னுக்கு 7 ஆம்பியர் என்று அடக்கமாக வைத்தாலே 28 ஆம்பியர், அதாவது 336 வாட். இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசஸரின் உச்ச டர்போ வரம்பு 253 வாட். ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் இழுப்பது 230 வாட் வரை. ஆக, ஓவர்கிளாக் (பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யாதவருக்கு ஓர் எட்டு பின் போதும். இரண்டாவது சாக்கெட் காலியாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு அதற்காகவே புது பவர் சப்ளை வாங்கத் தேவையில்லை. கேபிள் கையில் இருந்தால் போட்டுவிடுங்கள், நட்டமில்லை. ஆனால் எட்டு பின் சாக்கெட்டில் நாலு பின்னை மட்டும் செருகிவிட்டு, பெரிய பிராசஸரை வைத்து ஓட்டுவது வேறு கதை. அதே 253 வாட் அப்போது இரண்டே பின் வழியாகப் போகும்; ஒவ்வொன்றிலும் பத்தரை ஆம்பியர். அதைச் செய்யாதீர்கள்.

இங்கே பலரும் தடுமாறும் இடம், ஈபிஎஸ் எட்டு பின்னும் கிராஃபிக்ஸ் கார்டின் பிசிஐஇ எட்டு பின்னும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதுதான். ஈபிஎஸ் 4+4 என்று பிரியும், பிசிஐஇ 6+2 என்று பிரியும். உள்ளே மின்சாரம் நேர் எதிர். ஈபிஎஸ்ஸில் கிளிப் இருக்கும் பக்கத்து வரிசை 12 வோல்ட். பிசிஐஇயில் கிளிப் பக்கத்து வரிசை கிரவுண்ட். மாற்றிச் செருகினால் 12 வோல்ட் நேராகக் கிரவுண்டில் போய் முட்டும். இதைத் தடுக்கத்தான் பின் துளைகளில் சில சதுரமாகவும் சில மூலை மழுங்கியும் இருக்கின்றன. கேபிள் உள்ளே போக மறுக்கிறது என்றால் பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை, தலை தவறு என்று அர்த்தம்.

சரி, கார்டுக்கு வருவோம்.

இரட்டைத் தலை கேபிளா, இரண்டு தனி கேபிளா

இரண்டு எட்டு பின் சாக்கெட் உள்ள கார்டு. பவர் சப்ளையில் ஒரே கேபிளில் இரண்டு பிசிஐஇ தலை வருகிறது. அதையே இரண்டிலும் செருகினால் கேஸுக்குள் சுத்தமாக இருக்கும். இல்லை, தனித்தனியாக இரண்டு கேபிள் இழுக்க வேண்டுமா?

320 வாட் கார்டான ஆர்டிஎக்ஸ் 3080-ஐ எடுத்துக்கொள்வோம். மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 12 வோல்ட்டில் அதிகபட்சம் 66 வாட் எடுக்கலாம். அது போக சுமார் 250 வாட் கேபிள்களில் வர வேண்டும். ஏறக்குறைய 21 ஆம்பியர். பிசிஐஇ எட்டு பின்னில் 12 வோல்ட்டுக்கு மூன்றே கம்பிகள். இரட்டைத் தலை கேபிள் என்றால் அந்த மூன்றே கம்பிகளில் ஆளுக்கு 7 ஆம்பியர். தனித்தனி கேபிள் என்றால் ஆறு கம்பிகள், ஆளுக்கு மூன்றரை. ஆம்பியர் பாதியானால் ஒரு கம்பியில் உண்டாகும் சூடு பாதி ஆகாது, கால்வாசி ஆகும். ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

முதல் தலையின் பின்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பியும், இரண்டாவது தலைக்குப் போகும் கம்பியும் ஒரே உலோகப் பின்னுக்குள் சேர்த்து நசுக்கப்பட்டிருக்கும். மட்டமான கேபிளில் அந்தப் பிடிதான் முதலில் தளரும்.

அப்படியானால் இரட்டைத் தலை ஆபத்தா? இணையத்தில் சிலர் அப்படித்தான் அலறுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரு பிசிஐஇ எட்டு பின்னுக்கு 150 வாட் என்பது விதிப்படி கார்டு எடுக்க அனுமதிக்கப்பட்ட அளவு. கம்பி உருகும் எல்லை அல்ல. பவர் சப்ளைப் பக்கம் இரண்டே எட்டு பின் சாக்கெட்டில் செருகி, மறுபக்கம் 600 வாட் கொடுக்கும் கேபிள்களைப் பெரிய நிறுவனங்களே விற்கின்றன. அதில் ஒரு சாக்கெட்டுக்கு 300 வாட். தடித்த 16 கேஜ் கம்பியும் நல்ல பின்னும் இருந்தால் தாங்கும் என்று தெரிந்துதான் விற்கிறார்கள். மெலிந்த 18 கேஜ் கம்பி, பெயர் தெரியாத பவர் சப்ளை என்றால் அந்த நம்பிக்கை எனக்கு வராது.

சூட்டைவிட நடைமுறையில் அதிகம் கடிக்கும் விஷயம் திடீர் உச்சங்கள். கிராஃபிக்ஸ் கார்டு சராசரியாக 320 வாட் எடுத்தாலும் கண் இமைப்பதற்குள் அதைவிட வெகுவாக மேலே தாவி இறங்கும். 12 வோல்ட்டைப் பல ரெயில்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மின்னோட்ட வரம்பு வைத்திருக்கும் பவர் சப்ளையில் இரட்டைத் தலை கேபிளைப் போட்டால் முழுச் சுமையும் ஒரே ரெயிலில் விழும். கேம் நடுவில் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். பலர் இதைப் பார்த்து பவர் சப்ளையே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். தனித்தனி கேபிளாக மாற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைச் செலவழிக்கலாம்.

என் தீர்ப்பு இது: 220 வாட் வரையிலான கார்டு, நல்ல பவர் சப்ளை என்றால் இரட்டைத் தலையே போதும், தூக்கம் கெட வேண்டாம். அதற்கு மேல் தனித்தனி. மூன்று எட்டு பின் கேட்கும் கார்டுக்கு மூன்று கேபிள் இல்லையென்றால் ஒரு தனி கேபிள், ஓர் இரட்டைத் தலை என்று கலந்து போடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பதினாறு பின்: டப்பாவில் வந்த அடாப்டரா, பவர் சப்ளையின் நேரடிக் கேபிளா

12விஎச்பிடபிள்யூஆர் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட இந்தச் சின்னக் கனெக்டர் 600 வாட் வரை ஒரே தலையில் கொடுக்கும். 12 வோல்ட்டுக்கு ஆறு பின், கிரவுண்டுக்கு ஆறு, கூடவே நாலு மெல்லிய சென்ஸ் பின்கள். இந்தக் கேபிளால் எத்தனை வாட் தர முடியும் என்று கார்டுக்குச் சொல்வது அந்தச் சென்ஸ் பின்கள்தான்.

நம் அளவுகோலை இங்கே வைத்தால்தான் விஷயம் புரியும். 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு பின்னுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர். அந்தப் பின்னின் வரம்பு 9.5. பழைய எட்டு பின்னில் 150 வாட்டுக்குப் பின் ஒன்றில் 4.2 ஆம்பியர்தான் ஓடுகிறது, பின்களும் தடிமனானவை. பழையது பாதி மூச்சில் நடக்கிறது, புதியது முழு மூச்சில் ஓடுகிறது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்த சில நாட்களிலேயே உருகிய கனெக்டர்களின் படங்கள் வரத் தொடங்கியதற்கு இந்தக் குறுகிய இடைவெளி ஒரு முக்கியக் காரணம். முழுதாகச் செருகப்படாத கனெக்டரை இது மன்னிப்பதில்லை. ஆறில் இரண்டு பின் சரியாகத் தொடவில்லை என்று வையுங்கள்: 50 ஆம்பியரும் மீதி நாலு பின்னில் போகும், பின்னுக்குப் பன்னிரண்டரை.

இந்த இடத்தில் கார்டு வடிவமைப்பையும் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ கார்டில் ஆறு பின்களையும் இரண்டிரண்டாகப் பிரித்து, சுமையைப் பங்கிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 4090-இல் ஆறும் போர்டுக்குள் நுழைந்ததுமே ஒன்றாகிவிடுகின்றன. எந்தப் பின் அதிகம் சுமக்கிறது என்று கார்டுக்கே தெரியாது.

2023-இல் வந்த திருத்தம்தான் 12வி-2×6. சாக்கெட்டில் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி, மின்சாரம் கொண்டுபோகும் பின்களைக் கொஞ்சம் நீட்டினார்கள். கேபிள் அரைகுறையாக நின்றால் சென்ஸ் பின் தொடாது, கார்டும் பவர் இழுக்காது. நல்ல யோசனை. மாற்றம் சாக்கெட்டில்தான், பழைய கேபிள் புது சாக்கெட்டில் அப்படியே போகும். ஆகவே கேபிள் விற்பவர் புதுப் பெயரைச் சொல்லி விலையை ஏற்றினால் மயங்க வேண்டாம். ஆனால் இது எல்லா நோய்க்கும் மருந்தல்ல. பின்களுக்கிடையே சுமை சமமாகப் பிரியாத பிரச்சினையை இந்தத் திருத்தம் தொடவில்லை.

அடாப்டருக்கும் நேரடிக் கேபிளுக்கும் வருவோம். எட்டு பின் கேபிள்களைப் பதினாறு பின்னாக மாற்ற கார்டோடு வரும் அடாப்டர் ஒன்றும் தரக்குறைவு என்று சொல்ல முடியாது. பவர் சப்ளை பழையது, ஆனால் தரமானது, வாட்டும் போதும் என்றால் அதுவே நியாயமான வழி. அதன் எட்டு பின் தலைகள் அத்தனையிலும் தனித்தனி கேபிளைச் செருகுங்கள். குறை என்னவென்றால், கூடுதலாக ஓர் இணைப்புப் புள்ளி வருகிறது. தவிர, கனமான அந்த மூட்டை கார்டின் சாக்கெட்டைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்கும். பக்கவாட்டுக் கண்ணாடியை மூடும்போது கேபிளை மடக்கித் திணிக்க வேண்டியும் வரும். கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை மடிப்பே கூடாது என்பது பொதுவான அறிவுரை. அடாப்டரோடு குறுகலான கேஸில் அது நடக்காத காரியம்.

நேரடிக் கேபிளில் இந்தத் தொல்லைகள் குறைவு. பவர் சப்ளை ஏடிஎக்ஸ் (பவர் சப்ளைகளுக்கான பொதுத் தரம்) 3.0 அல்லது 3.1 தரத்தில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: 100 மைக்ரோ செகண்டுக்கு, தன் அளவைப் போல இரண்டு மடங்கு உச்சத்தைத் தாங்க வேண்டும் என்று அந்தத் தரம் கேட்கிறது. புதிதாக வாங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளர் உண்டு: கேபிள் அழகாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகத் தனியாக விற்கப்படும் 90 டிகிரி அடாப்டர். கேபிள்மாட் நிறுவனம் விற்ற இத்தகைய அடாப்டர்கள் சூடேறி உருகலாம் என்பதால் 2024 பிப்ரவரியில் சுமார் 25,000 எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டன. அழகுக்காக நடுவில் இன்னொரு உலோகத் தொடுப்பு, அதுவும் முழு மூச்சில் ஓடும் கனெக்டரில்! எனக்கு வேண்டாம்.

டிஸ்க்குகளுக்குப் பவர் கொடுக்கும் சாட்டாவிலிருந்து கார்டின் ஆறு பின்னுக்கு மாற்றும் அடாப்டரை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவே மனமில்லை. சாட்டா பவரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். ஆறு பின் கேட்பது 75. கணக்கே இடிக்கிறது.

சொந்தக் கேபிளா, இரவல் கேபிளா

மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் ஒரு கேபிள் குறைந்தால் பழைய சப்ளையின் கேபிளை எடுத்து மாட்டிப் பார்க்க நினைப்பது இயல்பு. கார்டுப் பக்கமும் மதர்போர்டுப் பக்கமும் பின் அமைப்புக்குப் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளைப் பக்கம் பழைய கனெக்டர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையே கூட பின் இடம் மாறியிருக்கலாம். தலை கச்சிதமாக உள்ளே போகும், கிளிப்பும் சொடுக்கும். அப்புறம் 5 வோல்ட் எதிர்பார்க்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் போய்ச் சேரும். இதில் பதினாறு பின் மட்டும் விதிவிலக்கு: இரு முனையிலும் அதே தலை உள்ள கேபிள் என்றால் பவர் சப்ளைப் பக்கமும் தரப்படுத்தப்பட்டதுதான்.

இரவல் கேபிளைத் தவிர்க்கவே முடியாது என்ற நிலை வந்தால், அதைக் கார்டிலோ டிஸ்க்கிலோ மாட்டுவதற்கு முன் பவர் சப்ளையில் மட்டும் செருகி ஆன் செய்து, மறுமுனையின் ஒவ்வொரு துளையையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். கேபிள் முழுக்கக் கறுப்பாக இருப்பதால் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லும் வசதி இப்போது பெரும்பாலும் இல்லை. பிசிஐஇ தலை என்றால் கிளிப்புக்கு எதிர் வரிசையில் மூன்று துளைகளில் 12 வோல்ட் காட்ட வேண்டும், மற்ற ஐந்தில் எதுவும் காட்டக் கூடாது. ஒரு துளை மாறிக் காட்டினாலும் அந்தக் கேபிளை ஓரம் கட்டிவிட்டு, உங்கள் மாடலுக்கான கேபிளை நிறுவனத்திடமே கேட்டு வாங்குங்கள்.