வெகுமதி தரும் தளத்தில் யார் தங்குகிறார்கள்? ஸ்டீம், ஹைவ்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்டீம் பிளாக்செயின், அதாவது பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுப் பேரேட்டின் மேல் இயங்கும் எழுத்துத் தளம், 2016 மார்ச் மாதத்தில் தொடங்கியது. எழுதுபவருக்கும், நல்ல எழுத்தைத் தேடிப் படித்து வாக்களிப்பவருக்கும் அதன் கிரிப்டோ நாணயமாகவே வெகுமதி கிடைக்கும் என்பதுதான் அதன் வாக்குறுதி. 2020 மார்ச் 20 அன்று அதிலிருந்து ஹைவ் தனியாகப் பிரிந்தது. முன்னதில் தொடங்கிப் பின்னதில் இன்றுவரை எழுதியும் வாக்களித்தும் வருபவன் என்ற முறையில், வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏன் தங்குவதில்லை என்ற கேள்விக்கு என் பதிலை இங்கே எழுதுகிறேன். வெகுமதி குறைவு என்பது முதன்மையான காரணமன்று. தன் வாசகரின் வாக்குக்கு எடையில்லை என்பதைப் புதியவர் மிக விரைவில் கண்டுகொள்கிறார் என்பதே காரணம்.

கணக்கு தொடங்குவதிலேயே ஒரு தடை இருக்கிறது. கடவுச்சொல்லை இழந்தால் மீட்டுத்தர நிர்வாகம் என்று எவரும் இல்லை; பதிவிட ஒரு சாவி (ரகசியக் குறியீடு), பணம் அனுப்ப வேறொரு சாவி, கணக்கின் உரிமைக்கு இன்னொன்று. இதைக் கடந்து வருபவர் உழைக்கத் தயாரானவர்தான். அவர் மனம் தளர்வது அதன் பிறகு. ஒவ்வொரு பதிவின் கீழும் அதன் மதிப்பு டாலர் கணக்கில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. ஏழாம் நாள் அது கணக்கில் சேர்கிறது. மதிப்பு 0.02 டாலரைத் தொடாவிட்டால் எதுவும் வழங்கப்படுவதில்லை. நாற்பது பேர் படித்து வாக்களித்த பதிவு பூஜ்யத்தில் நிற்க, ஒரே ஒரு பெரிய கணக்கின் வாக்கு விழுந்த இரண்டு வரிப் பதிவு பல டாலர்களைப் பெறுவதை ஒருவர் அருகருகே பார்க்கிறார். பணமே இல்லாத தளத்தில் அந்த நாற்பது பேர் அவருக்குப் பெரிய ஊக்கமாக இருந்திருப்பார்கள். இங்கே அவர்களுடைய பாராட்டுக்கு விலை குறிக்கப்பட்டு, அந்த விலை பூஜ்யம் என்று எழுதிக் காட்டப்படுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக நேர்ந்ததன்று, கட்டமைப்பிலேயே உள்ளது. வாக்கின் எடையை முடிவு செய்வது ஒருவர் தளத்திலேயே பூட்டி வைத்திருக்கும் நாணயப் பங்கு, அதாவது ஸ்டீம் பவர் அல்லது ஹைவ் பவர். எல்லோருடைய வாக்குத்திறனும் நாளொன்றுக்கு 20 விழுக்காடுதான் மீள்கிறது. முழு வலிமையில் ஏறத்தாழ பத்து வாக்குகள். ஆனால் அந்தப் பத்து வாக்குகளால் நகரும் தொகை ஒருவருக்குப் பைசாக்களாகவும் இன்னொருவருக்கு நூற்றுக்கணக்கான டாலர்களாகவும் இருக்கலாம். தொடக்கத்தில் வெகுமதி, வாக்கு எடையின் வர்க்கத்தை ஒட்டிக் கணக்கிடப்பட்டதால், பத்து மடங்கு பங்குள்ளவரின் தனி வாக்கு நூறு மடங்கு வரை பலம் பெற்றது. 2017 ஜூனில் அது நேர்விகிதமாக மாறியது. சிறியவர்களின் வாக்குக்கு உயிர் வந்தது உண்மைதான். ஆனால் அதே மாற்றம் வாக்கு விற்பனைக்கும் வழி திறந்தது. பங்கை இரவலாகத் தரும் டெலிகேஷன் வசதியும் சேர்ந்துகொள்ள, பணம் அனுப்பினால் வாக்களிக்கும் தானியங்கி நிரல்களான பாட்கள் பெருகின. டிரெண்டிங் பக்கம் விலைக்கு வாங்கிய இடங்களால் நிரம்பியது. எழுத்தைத் திருத்திச் செம்மைப்படுத்துவதற்குச் செலவிட வேண்டிய நேரத்தைப் பலர் எந்த பாட் லாபம் தரும் என்று கணக்கிடச் செலவிட்ட காலம் அது. அந்தத் தளத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய சேதம் என்று நான் கருதுவதும் அதையே.

2019 ஆகஸ்டில் வந்த திருத்தம் எழுதுபவரின் பங்கை 75 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைத்து, மீதியை வாக்களிப்பவருக்குத் தந்தது. பதிவின் வெகுமதியைக் குறைக்கும் எதிர்வாக்கான டவுன்வோட்டுக்கெனத் தனி வாக்குத்திறனையும் ஒதுக்கியது. வாக்கு விற்பனை பெருமளவு அடங்கியது. ஆயினும் பெரிய கணக்கு ஒன்று டவுன்வோட் இட்டால், அது நியாயமோ அநியாயமோ, எதிர்த்து நிற்க இன்னொரு பெரிய கணக்குதான் வர வேண்டும்.

நாணயத்தின் விலையோடு பயனர்கள் வருவதும் போவதும் இன்னொரு அம்சம். 2018 ஜனவரியில் ஸ்டீம் விலை உச்சத்தைத் தொட்டபோது பலர் வந்தார்கள், சரிந்தபோது போனார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. வருமானம் என்று அழைக்கப்பட்டவர்கள் வருமானம் நின்றதும் போவது இயல்பு. விலை வீழ்ந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தவர்களைக் கவனித்ததில், அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒரு சிறு குழு: புகைப்படம், தோட்டம், தாய்மொழி எழுத்து என்று ஏதோ ஒன்றைச் சுற்றித் தினமும் பின்னூட்டமிடும் சிலர். முதல் பதிவுகளுக்குப் பெரிய வாக்கு பெற்றுப் பின்னூட்டம் பெறாதவர்களைவிட, சில்லறை வாக்கும் உண்மையான உரையாடலும் பெற்றவர்களே அதிகம் தங்கினார்கள்.

செல்வாக்கின் ஏற்றத்தாழ்வு வெகுமதியோடு நிற்பதில்லை என்பதை 2020 காட்டியது. வலையமைப்பை நடத்தி அதன் விதிமாற்றங்களை முடிவு செய்யும் முதல் இருபது விட்னஸ்களைப் பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஒருவர் முப்பது பேருக்கு வாக்களிக்கலாம், ஒவ்வொரு வாக்குக்கும் அவருடைய பங்கின் முழு எடையும் உண்டு. ஆகவே போதிய பங்குள்ள ஒருவரே இருபது இடங்களையும் நிரப்பிவிட முடியும். டிரான் என்ற வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கியதும், விட்னஸ்கள் அந்நிறுவனத்தின் பங்கை வாக்களிக்க முடியாதபடி முடக்கினார்கள். மார்ச் 2 அன்று நாணயப் பரிமாற்றகங்கள் தங்களிடம் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நாணயங்களைக் கொண்டே வாக்களிக்க, இருபது இடங்களும் சன் பக்கம் கைமாறின. ஹைவ் பிறந்தது இதன் விளைவாகத்தான். ஆனால் ஹைவும் முப்பது வாக்கு முறையை அப்படியே எடுத்துக்கொண்டது.

2021 ஜூனில் ஹைவ் செய்த ஒரு மாற்றத்தை மனதாரப் பாராட்டுகிறேன். முதல் 24 மணி நேரத்துக்குள் எப்போது வாக்களித்தாலும் வாக்களிப்பவருக்கு ஒரே விகிதத்தில் பலன் என்றானது. முந்தி வாக்களித்துக் கூடுதல் பலன் பெறப் பாட்களோடு போட்டியிட்டு ஓட வேண்டிய தேவை போனதால், இப்போது படித்து முடித்துவிட்டு வாக்களிக்க முடிகிறது. என் வாக்குகளில் பெரும்பகுதியைப் புதிதாக வந்தவர்களுக்கு ஒதுக்கி, வாக்குக்கு முன் பின்னூட்டம் எழுதுவதை வழக்கமாக்கியிருக்கிறேன்.

ஹைவில், வாரந்தோறும் பிரித்துத் தரும் பவர் டவுன் முறையில் பூட்டிய பங்கை முழுமையாக வெளியே எடுக்கப் பதின்மூன்று வாரங்கள் ஆகும். அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாத பணத்தை இங்கே வைக்க வேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்கிறேன். எழுத்தும் உரையாடலும் வேண்டி வருபவரைத் தயங்காமல் அழைப்பேன். விட்னஸ் வாக்குகளின் எண்ணிக்கையை முப்பதிலிருந்து கணிசமாகக் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. அதை ஆதரிக்கும் விட்னஸ்களுக்கே என் சிறு பங்கின் வாக்கை அளித்து வருகிறேன்.