'ஓகே' என்று வந்த சீட்டும் மூன்று பக்கப் படிவமும்

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது, நான் வேலை செய்யும் நாட்டுக்கு மூன்று பக்கப் படிவம் ஒன்றை ஃபேக்ஸில் அனுப்ப நேர்ந்தது. அந்த ஒரு காரியத்திலேயே ஒரு பகல் கழிந்தது. அங்கே கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடும் என்பதால், ஃபேக்ஸ் இயந்திரத்துக்கென்று தனிச் சொற்கள் உண்டு என்பதையே மறந்திருந்தேன்.

சேவை மையத்து இளைஞர் படிவத்தை, தாளை உள்ளிழுக்கும் ஃபீடரில் வைத்து அனுப்பினார். வெளிவந்த அறிக்கைச் சீட்டில் 'ஓகே' என்று அச்சாகியிருந்ததைக் காட்டி, "போயிடுச்சு சார்" என்றார். அரை மணி நேரத்தில் மறுமுனையிலிருந்து மின்னஞ்சல் வந்தது: கணக்கு எண்ணின் இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருந்தனவாம். "சீட்டுல ஓகேன்னுதானே சார் இருக்கு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. மறுமுனை இயந்திரம் பக்கங்களைப் பெற்றுக்கொண்டது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதற்கும் சான்றாகாது. எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பது சீட்டுக்குத் தெரியாது. இதைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் ஒருவரை அங்கே உட்காரவைப்பது அவருக்கும் நியாயமில்லை, வருபவர்களுக்கும் நியாயமில்லை.

உள்ளேயிருந்து வந்த பெரியவர்தான் என் பழைய நாட்களை மீட்டுத் தந்தார். "தம்பி, ஸ்டாண்டர்டுல அனுப்பியிருக்கே, ஃபைன்ல வை" என்றார். இரண்டும் பக்கத்தை எவ்வளவு நுணுக்கமாகப் படித்து அனுப்புவது என்பதற்கான அமைப்புகள். 1980இல் ஃபேக்ஸ் இயந்திரங்களுக்கென்று வகுக்கப்பட்ட குரூப் 3 தரத்தில் குறுக்குவாட்டில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 204 புள்ளிகள். நெடுக்குவாட்டில் ஸ்டாண்டர்டு என்றால் 98 வரிகள், ஃபைன் என்றால் 196. பொடி எழுத்துக்கு முன்னது போதாது.

ஃபைனில் வைத்தும் இரண்டாம் பக்கத்தில் 'கம்யூனிகேஷன் எரர்' என்று நின்றுவிட்டது. பெரியவர் பதறாமல் ஒலிபெருக்கியைக் கூட்டி, மீண்டும் எண்ணை அழுத்தி, என்னைக் கேட்கச் சொன்னார். நம் பக்கத்திலிருந்து விட்டுவிட்டு ஒலிக்கும் 1,100 ஹெர்ட்ஸ் 'பீப்', மறுமுனை எடுத்ததும் நீளமாக ஒலிக்கும் 2,100 ஹெர்ட்ஸ் ஒலி, பிறகு இரண்டு இயந்திரங்களும் வேகத்தையும் தரத்தையும் பேசி முடிக்கும் அந்தக் கரகரப்பு. அதைத்தான் ஹேண்ட்ஷேக் என்பார்கள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் அந்த ஒலியைக் கேட்டபோது எனக்கு மனம் இளகிவிட்டது.

ஹேண்ட்ஷேக் முடிந்த பிறகு அறுபடுவதால் குறை எண்ணில் இல்லை, லைனில்தான் என்று அவர் தீர்மானித்தார். நொடிக்கு 14,400 பிட் என்றிருந்த வேகத்தை 9,600ஆகக் குறைத்தார். அணைத்து வைத்திருந்த ஈசிஎம் என்னும் பிழை திருத்தத்தையும் போட்டார். அது இருந்தால், சிதைந்து வந்த பகுதிகளை மட்டும் மறுமுனை திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

முதல் தடவையைப் போல மூன்று மடங்கு நேரம் பிடித்தது. சீட்டில் அதே 'ஓகே'தான் வந்தது. ஆனால் பெரியவர் அதைப் பார்த்ததோடு என்னை அனுப்பிவிடவில்லை. கணக்கு எண் தெளிவாக இருக்கிறது என்று மறுமுனையிலிருந்து பதில் வரும்வரை படிவத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.